போவதற்கு எத்தனை நாள்?

ஓர் அரசாங்கம் வந்த கதையை எழுதுவது சுலபம். கப்பல் வந்து நிற்கும், கொடி ஏறும், யாராவது ஒருவர் துபாஷியாக அமர்வார். அவருக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கமும் இருந்துவிட்டால் நாவலாசிரியனுக்கு வேறு என்ன வேண்டும்? புதுச்சேரியைப் பொறுத்தவரை அந்த அதிருஷ்டம் நமக்குத் தாராளமாகவே வாய்த்திருக்கிறது. 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதி வைத்துவிட்டுப் போன குறிப்புகள் இருக்கின்றன. அந்தக் காலத்தைக் களமாகக் கொண்டு பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்ற இரண்டு பெரிய நாவல்களை எழுதினார். இரண்டாவது நாவலுக்கு 1995-ல் சாகித்திய அக்காதெமி விருதும் கிடைத்தது. வந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், அவர்களை அண்டியவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதெல்லாம் நமக்கு ஓரளவு தெரியும்.

அதே அரசாங்கம் போன கதை? அங்கேதான் நம் எழுத்து தடுமாறுகிறது. விடுதலைப் போராட்டத்தைப் பற்றிக் கதைகள் இல்லாமல் இல்லை, நினைவுக் குறிப்புகளும் உண்டு, தலைவர் வ. சுப்பையா தம் அனுபவங்களை விரிவாகவே எழுதியிருக்கிறார். ஆனால் கதை என்று வரும்போது, நான் படித்தவற்றில் பெரும்பாலானவை கொடிக் கம்பத்தின் அடியில் வந்து முடிந்துவிடுகின்றன. ஒரு கொடி இறங்குகிறது, இன்னொரு கொடி ஏறுகிறது, கிழவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக் கொள்கிறார், முற்றும். என் புகார் இந்த முடிவைப் பற்றியது. கொடி இறங்கியதும் கதை முடிந்துவிடவில்லை என்பது மட்டும் அல்ல. எங்கள் பக்கத்து மனிதர்களுடைய வாழ்க்கையில் பெரிய முடிச்சு விழுந்ததே அதற்குப் பிறகுதான் என்பது என் அபிப்பிராயம்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் பிரிட்டன். 2019-ம் வருஷம் முழுவதும் எங்கள் திருக்கனூர் டீக்கடைகளில்கூட அந்தப் பேச்சு அடிபட்டது. பத்திரிகை படிக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "ஓட்டுப் போட்டு மூன்று வருஷம் ஆயிற்று. போகிறேன் என்றவன் இன்னும் வாசற்படியிலேயே நிற்கிறானே, ஏன்?" நியாயமான கேள்வி. 2016 ஜூன் 23-ந் தேதி ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போவதா இருப்பதா என்று பிரிட்டிஷ் ஜனங்களிடம் கேட்டார்கள். மூன்று கோடியே முப்பது லட்சம் பேருக்கு மேல் வாக்களித்தார்கள். நூற்றுக்கு 51.9 பேர் போகலாம் என்றார்கள், 48.1 பேர் வேண்டாம் என்றார்கள். போவதற்குக் குறித்த நாள் 2019 மார்ச் 29. அந்த நாளில் போகவில்லை. ஏப்ரல் 12 என்றார்கள். பிறகு அக்டோபர் 31 என்றார்கள். கடைசியில் 2020 ஜனவரி 31-ந் தேதி இரவு சட்டப்படி வெளியேறினார்கள். அதற்குப் பிறகும் அந்த வருஷக் கடைசி வரையில் பழைய விதிகளே நடைமுறையில் இருந்தன.

இடையில் ஜனங்களுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் அல்ல. பிரதமர் தெரேசா மே கொண்டு வந்த உடன்படிக்கையைப் பாராளுமன்றம் மூன்று தடவை தோற்கடித்தது. முதல் தடவை 432-க்கு 202. போக விரும்பியவர்கள் 'துரோகம்' என்று கூவினார்கள். இருக்க விரும்பியவர்கள் லண்டன் வீதிகளில் பெருங் கூட்டமாக ஊர்வலம் போனார்கள்; விலகும் அறிவிப்பையே வாபஸ் வாங்க வேண்டும் என்று அறுபது லட்சத்துக்கும் அதிகமானவர்கள் மனுவில் கையெழுத்திட்டார்கள். இரண்டு கட்சியையும் சேராதவர்களுக்கு வந்தது சலிப்பு. எப்படியாவது முடித்துத் தொலையுங்கள் என்ற அந்தச் சலிப்பைத்தான் போரிஸ் ஜான்சன் 2019 டிசம்பர் தேர்தலில் தமது கோஷமாக்கிக் கொண்டு ஜெயித்தார். ஒரு தேசத்தின் அலுப்பே ஓட்டாக மாறியது.

நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "மூன்றரை வருஷத்துக்கே இப்படிச் சொல்கிறீர்களே, நம்மை ஆண்டவன் போவதற்குப் பதினைந்து வருஷம் எடுத்துக்கொண்டானே!" அவர் நம்பவில்லை. நம்முடைய விடுதலை நாள் நவம்பர் ஒன்று என்று மட்டும் அவருக்குத் தெரியும். ஆகஸ்ட் பதினாறு ஏன் விடுமுறை என்பது தெரியாது. படித்தவருக்கே தெரியாமல் போனதில் அவர் குற்றம் ஒன்றும் இல்லை. அந்த இடைவெளியை நாம் யாரும் அவருக்குக் கதையாகச் சொல்லவில்லை.

*

தேதிகளை ஒரு முறை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையில் தேதிகள்தான் பாத்திரங்கள்.

1947 ஆகஸ்ட் 15-ல் இந்தியா சுதந்திரம் பெற்றது. எங்களுக்கு அது பக்கத்து வீட்டுக் கல்யாணம். மேளச் சத்தம் கேட்டது. இலை எங்களுக்குப் போடவில்லை. 1948 ஜூனில் இந்தியாவும் பிரான்ஸும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. ஜனங்களே வாக்களித்துத் தீர்மானிக்கட்டும் என்றார்கள். வங்காளத்துச் சந்திரநாகூரில் அந்த வாக்கெடுப்பு 1949 ஜூன் 19-ல் நடந்தது. மிகப் பெரும்பான்மையோர் இந்தியா பக்கம் நின்றார்கள். 1950 மே மாதம் நிர்வாகம் கைமாறியது. 1952 ஜூனில் சட்டமும் கைமாறியது. மூன்று வருஷத்தில் கணக்கு தீர்ந்தது. புதுச்சேரியில் அந்த வாக்கெடுப்பு நடக்கவே இல்லை.

1954-ல் திடீரென்று எல்லாம் வேகம் எடுத்தது. மார்ச் 18-ல் புதுச்சேரி நகரசபையும் சுற்றுப்புற நகரசபைகளும் வாக்கெடுப்பு வேண்டாம், இந்தியாவோடு சேர்கிறோம் என்று தீர்மானம் போட்டன. மார்ச் 31-ல் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. ஏற்றிய கூட்டத்துக்குத் தலைவர் எதுவார் குபேர். பிரெஞ்சுப் பாராளுமன்றத்தில் எங்கள் பிரதிநிதியாக உட்கார்ந்தவர். அதுவரை பிரெஞ்சுக் கட்சியின் தூணாக நின்றவர். தொடர்ந்து எல்லைப்புறத்துக் கிராமங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. நகரத்தில் மூவர்ணக் கொடி இன்னும் பிரெஞ்சுக் கொடியாக இருந்தபோதே கிராமத்தில் அது இந்தியக் கொடியாகிவிட்டது. மே மாதம் வியட்நாமில் தியென் பியென் பூ கோட்டை வீழ்ந்தது. ஜூனில் மெந்தெஸ் பிரான்ஸ் பிரதமரானார். ஆசியாவில் இனிப் பிடிவாதம் பயன்படாது என்று பாரிஸுக்குப் புரிந்தது. அக்டோபர் 18-ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவுக்கு. 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது.

இங்கே கதை முடிந்துவிடுகிறது என்று நினைக்கிறோம். முடியவில்லை. சாவி கைக்கு வந்தது, பத்திரம் வரவில்லை. உடன்படிக்கை 1956 மே 28-ல் தில்லியில் கையெழுத்தானது. அதைப் பிரெஞ்சுப் பாராளுமன்றம் ஏற்க வேண்டும். பிரான்ஸின் 1946-ம் வருஷத்து அரசியல் சட்டம், சம்பந்தப்பட்ட ஜனங்களின் சம்மதம் இல்லாமல் எந்த நிலத்தையும் விட்டுக்கொடுப்பது செல்லாது என்றது. கீழூர் வாக்கு அந்தச் சம்மதம் ஆகுமா, ஆகாதா? கேட்பதற்கு அங்கே ஆள் இருந்தார்கள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. எங்கள் ஊரில் நிர்வாகம் கைமாறிய அதே 1954 நவம்பர் 1-ந் தேதி, அல்ஜீரியாவில் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. ஓரிடத்தில் விட்டுக்கொடுத்தால் இன்னோரிடத்தில் அதையே கேட்பார்கள் என்ற பயத்தில் பிரெஞ்சு மந்திரிசபைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புதுச்சேரிக் காகிதத்தை மேஜை அறைக்குள் தள்ளின. 1962 ஜூலையில் அல்ஜீரியா சுதந்திரம் பெற்றது. அதே மாதத்தில் எங்கள் காகிதமும் பாராளுமன்றத்தில் தேறியது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி நாங்கள் இந்தியாவைச் சேர்ந்தோம்.

1947 ஆகஸ்ட் 15-லிருந்து 1962 ஆகஸ்ட் 16 வரை. பதினைந்து வருஷமும் ஒரு நாளும்.

*

இப்போது பிரிட்டனோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். இரண்டிலும் தாமதம் இருந்தது. இரண்டிலும் ஜனங்கள் வெறுத்துப் போனார்கள். ஆனால் வரிசை தலைகீழ். பிரிட்டனில் முதலில் ஜனங்களுடைய வாக்கு, பிறகு சட்டம், கடைசியில் நடைமுறை. எங்களிடம் முதலில் நடைமுறை, பல வருஷம் கழித்துச் சட்டம். ஜனங்கள் அனைவரும் வாக்களிப்பது என்பது நடக்கவே இல்லை. அவர்கள் பத்திரத்தை எழுதிவிட்டு வீட்டைக் காலி செய்யத் திண்டாடினார்கள். நாங்கள் கிரகப்பிரவேசம் செய்து பால் காய்ச்சிவிட்டுப் பத்திரப் பதிவுக்குக் காத்திருந்தோம்.

எது மேல்? அன்றாட வாழ்க்கையைக் கருதினால் எங்கள் வழி மேல் என்றே சொல்வேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அது எல்லையில் வாழ்கிறவனுக்குத்தான் தெரியும்.

திருக்கனூர் மண்ணாடிப்பட்டு கொம்யூனைச் சேர்ந்தது. புதுவை வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அது ஒரே துண்டு நிலம் அல்ல. கிழிந்த துணியைப் போலத் துண்டு துண்டாக அன்றைய தென்னார்க்காட்டு ஜில்லாவுக்குள் சிதறிக் கிடக்கிறது. ஒரு பகல் நடந்தால் இரண்டு மூன்று முறை சர்க்கார் மாறும். பெண் கொடுத்த வீடு ஒரு தேசம், பெண் எடுத்த வீடு ஒரு தேசம். நிலம் இங்கே, களம் அங்கே. 1941 முதல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே சுங்கம் என்ற ஏற்பாடு இருந்ததால் இந்தக் கோடு பெரிதாக உறுத்தவில்லை. 1949-ல் அந்த ஏற்பாடு முடிந்தது. இந்தியா எல்லையில் சுங்கக் காவல் போட்டது. அந்தப் பக்கம் சென்னை ராஜ்யத்தில் மதுவிலக்கு. இந்தப் பக்கம் கடை திறந்திருக்கும். நேற்று வரை மூட்டை தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனவன், ஒரே ராத்திரியில் கடத்தல்காரன் ஆனான். 1954-ல் கட்டுப்பாடு இன்னும் இறுகியது.

பிரிட்டன் போவதற்குத் தாமதமானதற்கு முக்கிய காரணமும் இதே கோடுதான். அயர்லாந்தில் வடக்கு ஒரு தேசம், தெற்கு ஒரு தேசம். இரண்டும் ஒரே ஒன்றியத்தில் இருந்தவரை எல்லையில் சாவடி இல்லை. வடக்கு வெளியேறினால் சாவடி வேண்டும். சாவடி வந்தால் 1998-ல் அரும்பாடுபட்டு உண்டாக்கிய சமாதானம் குலையும். இதை யோசிக்காமல் நாள் குறித்தவர்கள் லண்டனில் இருந்தவர்கள். ஏன் தாமதம் என்று மேஜையைத் தட்டியவர்களிலும் பலர் எல்லையிலிருந்து வெகுதூரத்தில் இருந்தவர்கள். லண்டன்காரருக்குப் புரியாத அந்த விஷயம், திருக்கனூரில் மாடு மேய்த்த ஒருவருக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்திருக்கும்.

ஆகவே பொறுமையின்மை என்று நாம் ஒரே பெயரில் சொல்வது ஒரே குணம் அல்ல. தன் மானத்துக்காகப் பொறுமை இழக்கிறவன் ஒருவன். அவனுக்கு வேண்டியது ஒரு தேதி. மூட்டையை இறக்கிச் சோதனை போடுகிறார்களே என்று பொறுமை இழக்கிறவன் இன்னொருவன்; அவனுக்கு வேண்டியது ஒரு பாதை. முதலாமவனுடைய குரல் மேடையில் கேட்கும், பத்திரிகையில் வரும், நம் கதைகளிலும் அவன்தான் கதாநாயகன். இரண்டாமவன் கூட்டத்தில் கொடி பிடித்துக்கொண்டு நிற்கிறான்; ஆசிரியர் அவனுக்கு வசனம் கொடுப்பதில்லை.

*

எங்கள் வழி மேல் என்றேன். அதில் ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நியாயமாகாது.

நடைமுறை முதலில் வந்துவிட்டதால், சட்டத்தை நாம் அலட்சியம் செய்தோம். கலெக்டர் ஆபீஸ் மாதிரி ஆபீஸ் வந்துவிட்டது. இந்திய ரூபாய் செல்லுகிறது. பஸ் தங்கு தடையில்லாமல் விழுப்புரம் போகிறது. இன்னும் என்ன? பாரிஸில் ஒரு கையெழுத்து பாக்கி. அது வெறும் காகித வேலை. இப்படித்தான் மேடையிலும் சொன்னார்கள், வீட்டுத் திண்ணையிலும் சொன்னார்கள். மேடையில் சொன்னவர்களுக்கு 'இன்னும் வரவில்லையே' என்ற ஆத்திரம். திண்ணையில் சொன்னவர்களுக்கு 'வந்தால் வரட்டும்' என்ற அலட்சியம். ஆத்திரத்துக்கும் அலட்சியத்துக்கும் உள்ள உறவு நெருங்கியது. ஒன்றைப் பற்றி நெடுநாள் ஆத்திரப்பட்டவன், ஒரு நாள் அதைக் கவனிப்பதையே விட்டுவிடுகிறான்.

அந்தக் காகிதம் வெறும் காகிதம் அல்ல என்பதை முதலில் காட்டியது ஒரு பஸ் வழக்கு. புதுச்சேரியில் பஸ் உரிமம் சம்பந்தமாக ஏற்பட்ட தகராறு இந்திய உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. அங்கே ஓர் அடிப்படைக் கேள்வி எழுந்தது: புதுச்சேரி இந்திய நாட்டின் பகுதியா, அல்லவா? நீதிபதிகள் சர்க்காரையே கேட்டார்கள். இன்னும் இல்லை என்று சர்க்கார் பதில் சொன்னது. அப்படியானால் இந்த நீதிமன்றத்தின் உத்தரவு அங்கே செல்லாது என்று 1961-ல் வழக்கு தள்ளுபடியாயிற்று. எண்ணிப் பாருங்கள். ஏழு வருஷமாக நவம்பர் ஒன்றைக் கொண்டாடிக் கொண்டிருந்த ஊர், சட்டத்தின் கண்ணுக்கு இந்தியாவில் இல்லை. ஆனால் பிரான்ஸிலும் நாங்கள் இல்லை. அங்கேயிருந்து எங்களை ஆள யாரும் வரவில்லை. பஸ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இதைவிட முக்கியமானது அடுத்த விஷயம். என் கட்டுரையின் மையம் இதுதான். 1956-ம் வருஷத்து உடன்படிக்கையில் குடியுரிமை பற்றிச் சில ஷரத்துகள் உண்டு. இந்த மண்ணில் பிறந்து இங்கேயே வசிக்கும் பிரெஞ்சுக் குடிகள், உடன்படிக்கை அமலுக்கு வரும் நாளில் இந்தியப் பிரஜைகள் ஆகிவிடுவார்கள். பிரெஞ்சுக் குடியாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் சொல்ல வேண்டும். இங்கே பிறந்து இந்தியாவுக்கு வெளியே, சைகோனிலோ பாரிஸிலோ இருப்பவர்கள் பிரெஞ்சுக் குடிகளாகவே தொடர்வார்கள். வேண்டுமானால் அவர்கள் இந்தியாவைத் தேர்ந்துகொள்ளலாம்.

ஆறு மாதம்! போவதா வேண்டாமா என்று யோசிக்க ஒரு வல்லரசுக்குப் பதினைந்து வருஷம் தேவைப்பட்டது. அது போகும்போது, நீ யார் என்று தீர்மானித்துக்கொள்ள ஒரு குடியானவனுக்கு ஆறு மாதம் போதும் என்று நினைத்தார்கள். 1962 ஆகஸ்டில் தொடங்கி அடுத்த பிப்ரவரியில் கதவு சாத்தப்பட்டது.

உடன்படிக்கை 1956-லேயே வெளிவந்துவிட்டதே, யோசிக்க ஆறு வருஷம் இருந்ததே என்று கேட்கலாம். கேள்வி சரி. ஆனால் அந்த ஆறு வருஷமும் அது 'வெறும் காகித வேலை'யாகத்தானே இருந்தது! வருமா வராதா என்று தெரியாத ஒன்றுக்காக யார் தயாராவார்கள்? பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவை செய்து பென்ஷன் வாங்கிய 'சொல்தா' குடும்பங்களுக்கும், உத்தியோகஸ்தர் குடும்பங்களுக்கும் அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்தது. அவர்கள் படித்தார்கள், யோசித்தார்கள், சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். கிராமத்தில் ஏர் பிடித்தவனுக்கு அப்படி ஒரு கதவு திறந்திருக்கிறது என்பதே பிறகுதான் தெரிந்தது, தெரிந்தபோது சாத்தியிருந்தது. ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் சைகோன் போன அண்ணன் பிரெஞ்சுக் குடி. நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஊரில் தங்கிய தம்பி இந்தியக் குடி. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பிரான்ஸில் ஜனாதிபதி தேர்தல் வரும்போது இன்றைக்கும் புதுச்சேரியில் வாக்குச் சாவடி வைக்கிறார்கள். அங்கே வரிசையில் நிற்கிறவர்களையும், அதைச் சாலையின் மறுபக்கம் நின்று பார்க்கிறவர்களையும் பிரித்தது அந்த ஆறு மாதம்.

பிரெஞ்சுக் குடியாக இருப்பது உயர்வு, இந்தியக் குடியாக இருப்பது தாழ்வு என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டிலும் நிறைவாக வாழ்ந்தவர்கள் உண்டு. இரண்டிலும் மனம் வெதும்பியவர்கள் உண்டு. நான் சொல்வது வேறு. தேர்வு என்று ஒன்று இருந்தால், தேர்ந்துகொள்கிறவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தாமதத்தைக் கண்டு கோபப்பட்ட நாம் அந்த நீண்ட காலத்தில் செய்திருக்க வேண்டிய வேலை, ஊர் ஊராகப் போய் இந்த ஷரத்துகளைத் தமிழில் படித்துச் சொல்வதுதான். வருஷா வருஷம் 'எப்போது, எப்போது' என்று கேட்டோம். 'என்ன, எப்படி' என்று அவ்வளவு உரக்கக் கேட்கவில்லை. பிரிட்டனிலும் இதையே பார்த்தேன். முடித்துத் தொலையுங்கள் என்ற கூச்சலில், அங்கே வாழ்ந்த ஐரோப்பியத் தொழிலாளியும், ஐரோப்பாவில் குடியேறியிருந்த ஆங்கிலேயக் கிழவரும் தங்கள் நிலைமை என்னவாகும் என்று கேட்ட குரல் அமுங்கிப்போயிற்று.

*

இனி நம் கதைகளுக்கு வருகிறேன். விமரிசகர்கள் சொல்வது போல் 'சமூக உணர்வு' போதாது என்று நான் யாரையும் குறை சொல்லப் போவதில்லை. இது தொழில் சம்பந்தமான குறை. கொடிக் கம்பத்தில் கதையை முடிக்கும்போது நாவலாசிரியன் தனக்குக் கிடைத்த மிக நல்ல பாத்திரங்களை இழக்கிறான்.

குபேரை எடுத்துக்கொள்ளுங்கள். மேடைப் பேச்சில் அவர் ஒன்று வீரர், இல்லாவிட்டால் சமயசாதகர். நேற்று வரை பிரெஞ்சுக் கட்சி. இன்று நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி. 1963-ல் சட்டசபை அமைந்தபோது முதல் முதலமைச்சர். இந்த மனிதர் 1954 மார்ச்சில் ஓர் இரவு தூங்காமல் கிடந்திருப்பார் அல்லவா? அந்த இரவை எழுத வேண்டாமா? சுப்பையாவின் பக்கம் நின்ற ஆலைத் தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். 1936 ஜூலை 30-ல் பன்னிரண்டு தோழர்களைத் துப்பாக்கிச் சூட்டில் பறிகொடுத்தவன். பதினெட்டு வருஷம் கழித்து, நேற்று வரை எதிரியாக இருந்தவர் கொடி ஏற்றுவதைப் பார்த்தபோது அவன் கை தட்டினானா? தட்டிய கை எப்படி இருந்தது? கீழூரில் எதிர்த்து வாக்களித்த எட்டுப் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். 170 பேரைப் பற்றி விழா நாளில் பேச எத்தனையோ பேர் உண்டு. தோற்கும் என்று தெரிந்தே எதிர்த்து வாக்களித்தவன் நாவலாசிரியனுக்கு உரியவன். அவனைக் கெட்டவன் என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் அது துண்டுப் பிரசுரம்; அவனுடைய பயம் என்ன, பாசம் என்ன என்று கேட்டால்தான் இலக்கியம்.

இவர்கள் எல்லாரையும்விட எனக்குப் பெரியவளாகத் தெரிகிறவள், அந்த ஆறு மாதத்தில் ஏதோ ஒரு கிராமத்தில் இருந்த ஒரு பெண். புருஷன் பட்டாளத்தோடு கடல் கடந்து போனவன். கடிதம் வந்து வெகு நாளாயிற்று. கொம்யூன் ஆபீஸில், எங்கள் பக்கத்துப் பேச்சில் 'மேரி'யில், ஒரு காகிதம் இருக்கிறது என்று யாரோ சொல்கிறார்கள். எழுதிக் கொடுத்தால் அவன் தேசத்தைச் சேர்ந்தவள். எழுதாவிட்டால் தாய் வீடும் நிலமும் உள்ள தேசத்தைச் சேர்ந்தவள். இரண்டு சர்க்காரும் பதினைந்து வருஷம் தள்ளிப் போட்ட கேள்வியை அவள் ஒருத்தி, தை அறுப்பு நடக்கும்போது, ஆலோசனை சொல்ல ஆளில்லாமல் தீர்க்க வேண்டும். பெயர் தெரியாத அவளைப் பற்றி யாரும் விழா எடுக்கப் போவதில்லை. நாவல்தான் எடுக்க வேண்டும்.

அப்படி ஒரு நாவல் எழுதுவதற்கு வேண்டிய குணம் பொறுமை. எங்கள் ஊரில் காகிதக்கூழ் பொம்மை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் வந்த கைத்தொழில் என்பார்கள். 2011-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழைய காகிதத்தை ஊறவைத்து, இடித்து, அச்சில் அப்பிக் காய வைக்கிறார்கள். காய்வதற்கு முன்னால் வர்ணம் பூசினால் பொம்மை நெளிந்துவிடும் என்று அந்தக் கைகளுக்குத் தெரியும். சரித்திரத்தை எழுதுகிற நமக்கு அவ்வளவு நிதானம் இல்லை. ஈரம் காயும் முன்பே நாயகனுக்கு ஒரு வர்ணமும் துரோகிக்கு ஒரு வர்ணமும் பூசிவிடுகிறோம்.

2014 முதல் புதுவை அரசாங்கம் நவம்பர் 1-ஐ விடுதலை நாளாக அரசு முறையில் கொண்டாடுகிறது. ஆகஸ்ட் 16-க்குக் கீழூர் நினைவு மண்டபத்தில் விழா நடக்கிறது. எது உண்மையான நாள் என்று சிலர் வாதம் செய்கிறார்கள். இரண்டும் உண்மையான நாள்தான். ஒன்று அதிகாரி மாறிய நாள், மற்றது சட்டம் மாறிய நாள். மனிதன் மாறிய நாள் இரண்டுக்கும் நடுவிலும், பிந்திய நாளுக்கு அப்புறமும் கிடக்கிறது. ஏழு வருஷம் ஒன்பதரை மாதமும், அதற்கு மேல் ஓர் ஆறு மாதமும்.

பிரிட்டிஷ் எழுத்தாளர்கள் தங்கள் மூன்றரை வருஷத்தைப் பற்றி உடனுக்குடனே எழுதத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுடைய கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் அந்த எழுத்தில் சூடு இருக்கும், நிதானம் குறைவாக இருக்கும். நமக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. கோபப்பட்டவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். ஆறு மாதத்தில் முடிவெடுத்தவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். மண்ணாடிப்பட்டிலும் பாகூரிலும் வில்லியனூரிலும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. போகிறவர்கள் போவதற்கு எத்தனை நாள் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்த ஊர் இது. கேட்க வேண்டியவர்களிடம் நாம் போய்க் கேட்பதற்கு எத்தனை நாள் எடுத்துக்கொள்ளப் போகிறோம் என்பதுதான் இப்போது மிச்சம் இருக்கிற கேள்வி.